பதினோரு லிட்டர் பெட்டியில் தண்ணீருக்கு என்ன வேலை?

கணினியை முழுதாக வாங்காமல், உதிரிகளை வாங்கித் தாமே அசெம்பிள் செய்துகொள்பவர்களிடம் இரண்டு ஆசைகள் ஒருசேரக் குடியிருக்கின்றன. கேஸ் சிறிதாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பது சந்தையிலேயே வேகமானதாக இருக்க வேண்டும். முதல் ஆசைக்கு வழி திறந்தது, 2001-இல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி-ஐடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவு: 170 மில்லிமீட்டருக்கு 170. குறைந்த மின்சாரத்தில் ஓடும் எளிய கணினிகளுக்காகப் பிறந்த அந்தச் சதுரத்தை ஆர்வலர்கள் தங்கள் உச்சவேகக் கணினிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். 12.7 லிட்டர் கொள்ளளவுள்ள என்கேஸ் எம்1, 7.2 லிட்டரே உள்ள டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் ஆகிய கேஸ்கள், வாங்கப்போகிறவர்களிடமே முன்பணம் திரட்டி உருவாயின. பின்னர் 11 லிட்டரில் டான் ஏ4-எச்2ஓ வந்தது. சாதாரண டவர் கேஸ் 40, 50 லிட்டர் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்களின் சுருக்கம் விளங்கும்.

இரண்டாவது ஆசை வெப்பத்தைக் கூட்டிவருகிறது. 2022-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டுக்கு 450 வாட். 2025-இல் வந்த 5090-க்கு 575 வாட். இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு கைப்பெட்டி அளவுக்குள் இதைச் சமாளிக்கச் சிலர் கஸ்டம் லூப் எனப்படும் நீர்க் குளிர்விப்புச் சுற்றை அமைக்கிறார்கள். ஆலையிலேயே அடைத்து மூடி வரும் ஏஐஓ கூலர் வேறு. கஸ்டம் லூப்பில் பம்ப், ரேடியேட்டர், சில்லின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் வாட்டர் பிளாக், டியூப், ஃபிட்டிங் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேர்ந்து, அளந்து, பொருத்தி, நீர் நிரப்ப வேண்டும். இதைக் கணினிக் கலையின் உச்சம் என்பவர்கள் உண்டு. காசைக் கரைக்கும் வேலை என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் கணினி தயாரான அன்றைய நிலையை வைத்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். என் பார்வையில், இதன் தகுதியை அளக்கச் சரியான நாள், அந்தக் கேஸை மறுபடி திறக்க வேண்டிவரும் நாள்.

முதலில் நிறைகள். தண்ணீர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அந்த வேலையில் காற்று அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரே கனஅளவை எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி சூடேறும்போது காற்று ஏந்தும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ 3,500 மடங்கைத் தண்ணீர் ஏந்தும். 500 வாட் வெப்பம் வரும் லூப்பில் நிமிடத்துக்கு 3 லிட்டர் நீர் ஓடினால், உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் வித்தியாசம் இரண்டரை டிகிரிகூட இல்லை. விரல் தடிமனான ஒரு டியூப் இதைச் செய்துவிடுகிறது. லூப்பில் எது முன், எது பின் என்ற கவலை பெரும்பாலும் வீண் என்பதும் இதே கணக்கிலிருந்து வரும்.

சிறிய கேஸில் இந்தக் குணத்துக்குத் தனி மதிப்பு உண்டு. டான் ஏ4 போன்ற கேஸ்களில் மதர்போர்டு ஒருபுறம், கிராஃபிக்ஸ் கார்டு மறுபுறம், நடுவில் ஒரு தடுப்பு. காற்றுக் கூலர் என்றால் வெப்பம் பிறக்கும் இடத்திலேயே வெளியேற வழி தேட வேண்டும். ப்ராசஸருக்கு மேலே எஞ்சியிருப்பதோ சில சென்டிமீட்டர் உயரம். நீர் அந்த வெப்பத்தைத் தூக்கி, ஃபேனுக்கு இடமிருக்கும் மேற்கூரைக்கோ பக்கச் சுவருக்கோ கொண்டுபோய், கேஸுக்குள் கலக்கவிடாமல் வெளியே தள்ளுகிறது. மூன்று ஸ்லாட் தடிமனான கார்டு, வாட்டர் பிளாக் மாட்டியதும் ஒன்று அல்லது இரண்டு ஸ்லாட்டுக்கு ஒடுங்கிவிடுகிறது.

இன்னொரு நிறை சத்தம் பற்றியது. காற்றுக் கூலரில் ப்ராசஸரின் வெப்பம் ஒரு நொடி துள்ளினால் ஃபேனும் கூடவே உறுமும். லூப்பில் ஃபேனை நீரின் வெப்பநிலைக்குக் கட்டுப்படுத்தி ஓட்டலாம். சிறிய லூப்பில் இருப்பது 300 மில்லிலிட்டர் நீர்தான் என்று கொண்டாலும், கூடுதலாக 100 வாட் இருபது நொடி வந்தால் அது இரண்டு டிகிரிக்கும் குறைவாகத்தான் ஏறும். குறுகிய துள்ளல்களை நீர் விழுங்கிவிடும்; ஃபேன் நிதானமாகச் சுழலும். மேசைமேல், காதுக்கு ஒரு முழம் தள்ளி வைத்துக்கொள்ளும் கணினிக்கு இந்த நிதானம், மீட்டரில் தெரியும் இரண்டு மூன்று டிகிரியைவிடப் பெரிய லாபம்.

இனி வரம்பு. தண்ணீர் எவ்வளவு திறமையாகச் சுமந்தாலும் கடைசியில் வெப்பத்தைக் காற்றிடம்தான் ஒப்படைக்க வேண்டும். 11 லிட்டர் ஏ4-எச்2ஓவில் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்றுக்கே இடம். அதாவது இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்கள். அடங்கிய வேகத்தில் அவை இரண்டும் சேர்ந்து நொடிக்கு 28 லிட்டர் காற்றைத் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் காற்று ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 1.2 ஜூல் போதும். 500 வாட்டும் அதன்மேல் இறங்கினால், வெளியேறும் காற்று அறையைவிட 15 டிகிரி சூடாக இருக்கும். ரேடியேட்டர் குறையே இல்லாத ஒன்றாக இருந்தாலும் நீர் அதற்குக் கீழே இறங்காது. நிஜ ரேடியேட்டரில் அதைவிடக் கணிசமாக மேலேயே நிற்கும்.

அறை 22 டிகிரியாக இருக்கும் ஐரோப்பிய வீட்டில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய கணக்கு. ஏசி இல்லாத சென்னை அறையில் மே மாதம் 35 டிகிரியிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். வெளியேறும் காற்றே 50 டிகிரியைத் தொடும். நீர் அதற்கும் மேல். பரவலாகப் பயன்படும் டி5 பம்ப்புக்கு நீரின் வெப்பநிலை வரம்பு 60 டிகிரி. அந்த வெப்பத்தை நெருங்கினால் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் டியூப் இளகத் தொடங்கும். குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து அதே லூப்பை இங்கே அமைப்பவர்கள் ஃபேன் வேகத்தைக் கூட்டித்தான் தப்பிக்க முடியும். அப்போது, எந்த அமைதிக்காக இவ்வளவும் செய்தார்களோ அதுவே போய்விடுகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு முரண் உண்டு. 4090 கார்டோடு வரும் காற்றுக் கூலரே பிரமாண்டமானது. என்விடியாவின் சொந்தப் பதிப்பு 304 மில்லிமீட்டர் நீளம், 61 மில்லிமீட்டர் தடிமன். அதை அதன் கூலரோடேயே இந்தச் சிறிய கேஸ்கள் சிலவற்றில் நுழைக்க முடியும். அப்படியிருக்க, அந்தக் கூலரைக் கழற்றி வைத்துவிட்டு, கார்டின் வெப்பத்தையும் ப்ராசஸரின் வெப்பத்தையும் ஒரே 240 ரேடியேட்டர்மேல் சுமத்தினால், வெப்பம் வெளியேறும் மொத்தப் பரப்பு கூடவில்லை, குறைகிறது. கார்டைப் பிளாக் மாட்டி ஒடுக்கியதால் கிடைத்த இடத்தை இன்னொரு ரேடியேட்டராக மாற்றினால்தான் கணக்கு லாபத்தில் முடியும். என்கேஸ் எம்1-இல் பக்கச் சுவரில் ஒன்று, நீளம் குறைந்த கார்டைத் தேர்ந்து அதன் கீழே மெல்லியதாக இன்னொன்று என்று இரண்டு ரேடியேட்டர் வைப்பவர்கள் இந்தச் சூத்திரத்தைப் புரிந்துகொண்டவர்கள். மிச்சமான இடத்தைக் கண்ணாடிப் பலகைக்கும் வண்ண விளக்குக்கும் கொடுப்பவர்கள் புரிந்துகொள்ளாதவர்கள்.

ப்ராசஸரைப் பொறுத்தவரை பலன் இன்னும் மெலிது. இன்றைய ப்ராசஸர்களில் வெப்பம் நகத்தளவு சிலிக்கானில் குவிகிறது. அது மேலேயுள்ள உலோக மூடியைக் கடப்பதிலேயே பாதி நெரிசல். 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் உயர்நிலை ப்ராசஸர்கள் கடும் வேலையில் 95 டிகிரி வரை ஏறுவது தங்கள் வடிவமைப்பின் பகுதியே என்று ஏஎம்டி சொன்னது. மறுமுனையில் எவ்வளவு நல்ல நீர் ஓடினாலும் அந்த நெரிசல் அப்படியே இருக்கும்.

அடுத்த குறை பராமரிப்பு. இதில் வரலாறு சொல்லும் பாடம் தெளிவானது. 1960களின் ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 91 நீரால் குளிர்விக்கப்பட்டது; 1980-இல் அறிவிக்கப்பட்ட 3081-உம் அப்படியே. இன்று என்விடியாவின் ஜிபி200 சில்லுகள் நிறைந்த சர்வர் ரேக்குகளிலும் நீர்தான் ஓடுகிறது. அந்த இயந்திரங்களுக்கெல்லாம் பக்கத்திலேயே ஆள் உண்டு. நீரின் தரத்தைச் சோதிப்பதும் கசிவைக் கண்காணிப்பதும் அவர்கள் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலை. ஆள் இல்லாத வீட்டுக்கு அதே முறையைக் கொண்டுபோனது ஆப்பிள். 2004-இல் வந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5, ஆலையிலேயே அடைத்த நீர்க் குளிர்விப்போடு வந்தது. சில ஆண்டுகளில் பல இயந்திரங்களில் கசிவு தொடங்கியது. உள்ளேயிருந்த பாகங்கள் அரித்தன. 2006-இல் இன்டெல் ப்ராசஸரோடு வந்த மேக் ப்ரோ காற்றுக்கே திரும்பியது. அத்தனை பெரிய அலுமினியக் கேஸில், அத்தனை பெரிய நிறுவனத்துக்கே வாய்த்த அனுபவம் இது.

நீரின் வேதியியல் பொறுமையாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒரே லூப்பில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். மலிவான பிவிசி டியூபிலிருந்து பிளாஸ்டிசைசர் கரைந்து, பிளாக்கின் நுண்ணிய செம்புச் செதில்களுக்கிடையே பிசுக்காகப் படியும். கிருமித்தடுப்பு மருந்து தீர்ந்தால் பாசி வளரும். பால்போல் ஒளிபுகா நிறத்தில் வரும் கூலன்டுகள் கண்ணுக்கு விருந்து. அவற்றில் மிதக்கும் துகள்கள் நாளடைவில் செதில்களை அடைக்கும். எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது நீரை இறக்கி, கழுவி, மறுபடி நிரப்புவது ஆர்வலர்களின் வழக்கம்.

பெரிய கேஸில் இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை. சிறிய கேஸில் நிலைமை வேறு, ஏனென்றால் அங்கே எல்லாம் எல்லாவற்றின்மீதும் ஏறி உட்கார்ந்திருக்கும். மதர்போர்டின் பின்புறமுள்ள எஸ்எஸ்டியை மாற்ற போர்டைக் கழற்ற வேண்டும். போர்டைக் கழற்றப் பிளாக்கைக் கழற்ற வேண்டும். பிளாக்கைக் கழற்ற நீரை இறக்க வேண்டும். நீரை இறக்கினால் மறுபடி நிரப்பிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். நீர்த் தொட்டியான ரிசர்வாயருக்கு மேலே இடமில்லாத கேஸில், குமிழி வெளியேறக் கேஸையே இப்படியும் அப்படியுமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். காற்றுக் கூலர் கணினியில் பத்து நிமிடத்தில் முடியும் வேலை, இங்கே ஒரு பகலை விழுங்கும். கசிந்தாலும் பாதிப்பு பெரிது: பவர் சப்ளையோ கார்டோ எப்போதும் ஏதாவது ஒரு ஃபிட்டிங்குக்கு நேர் கீழே இருக்கும்.

செலவையும் இந்தக் கோணத்திலிருந்து பார்க்கலாம். ரேடியேட்டர், பம்ப், ஃபிட்டிங் பல கணினிகளுக்கு உழைக்கும். அது நியாயமான முதலீடு. கார்டின் வாட்டர் பிளாக் அப்படியல்ல. ஒவ்வொரு கார்டின் சர்க்யூட் போர்டுக்கும் ஏற்றபடி தனியாகக் கடைந்தெடுப்பது அது. கார்டு மாறினால் பெரும்பாலும் பிளாக்கும் மாறும். இவற்றைச் செய்பவை பெரும்பாலும் சிறிய நிறுவனங்கள். இத்துறையில் பெரிய பெயரான ஸ்லோவேனியாவின் ஈகேயே ஊழியர்களுக்கும் வழங்குநர்களுக்கும் பணம் பாக்கி வைத்திருப்பதாக 2024-இல் செய்திகள் வெளியாயின. இன்று கிடைக்கும் கேஸ்கெட் நாளை கிடைக்கும் என்று நம்பிவிட முடியாத சந்தை இது.

ஒப்பிட வேண்டிய மாற்று ஒன்றும் உண்டு: வெப்பத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது. ஐபிஎம்மின் பெரிய கணினிகளிலிருந்து 1990களின் நடுவில் நீர்க்குழாய்கள் விலகியது, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் சிமாஸ் சில்லுகள் வந்ததால்தான். நம் மேசைக்கும் அதே வழி திறந்திருக்கிறது. சில்லின் மின்நுகர்வு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். அதனால் உச்ச வேகத்தின் கடைசிச் சில விழுக்காட்டுக்குத்தான் மின்சாரம் அதிகம் செலவாகிறது. 4090-இன் மின்வரம்பை 70 விழுக்காட்டுக்கு இறக்கினால், பெரும்பாலான விளையாட்டுகளில் இழப்பு சில விழுக்காடுதான். வெப்பத்தில் மிச்சம் 135 வாட். ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு ஃபிட்டிங் தேவையில்லை. எந்த லூப்பையும் மதிப்பிடும்போது, தொழிற்சாலை அமைப்பில் ஓடும் காற்றுக் கணினியோடு ஒப்பிடுவது போதாது; இப்படி அடக்கி ஓட்டும் காற்றுக் கணினியோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டில் பல லூப்கள் தோற்கும்.

அதற்காக இந்தக் கைவினையைத் தள்ளிவிட முடியாது. மில்லிமீட்டர் கணக்கில் இடம் பார்த்து, ஃபிட்டிங்கின் கோணம் தேர்ந்து, மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஓட்டிக் கசிவு சோதித்து முடிப்பவருக்கு, தன் கணினியின் ஒவ்வொரு வாட்டும் எங்கே பிறந்து எங்கே போகிறது என்பது தெரியும். கணினி திறக்கவே முடியாத பொருளாகிவரும் காலத்தில் இந்த அறிவு மதிக்கத்தக்கது. ஆனால் அந்த மதிப்பை வழங்கும் முறைதான் கோளாறானது. பரிசும் பாராட்டும் வேலை முடிந்த அன்று எடுத்த படத்துக்கே போகின்றன. கும்பாபிஷேகத்தன்று கோயிலைப் பார்த்துவிட்டு அதன் பராமரிப்பை மெச்சுவது போலத்தான் இது. படத்துக்கு அழகான வளைந்த கெட்டி டியூப், கழற்றும்போது எதிரி. படத்தில் எடுபடாத கறுப்பு ரப்பர் டியூப், ஓரமாக ஒரு வடிகால் வால்வு, நீர் சிந்தாமல் பிரியும் இணைப்பிகள், நீரின் வெப்பத்தைக் காட்டும் சென்சார் ஆகியவை ஒரு லூப்பை ஆண்டுக்கணக்கில் வாழவைப்பவை. கார்டையும் ரேடியேட்டரையும் இணைப்பியில் பிரித்து எடுத்துவிட முடிந்தால், மேலே சொன்ன கழற்றல் சங்கிலியில் பாதி அறுந்துவிடும்.

ஆக, என் தீர்ப்புக்கு மூன்று நிபந்தனைகள். கார்டு, மின்வரம்பைக் குறைத்த பிறகும் 300 வாட்டுக்கு மேல் இழுப்பதாக இருக்க வேண்டும். பிளாக் மிச்சப்படுத்தும் இடம் ரேடியேட்டராக மாற வேண்டும். அசெம்பிள் செய்தவரே, ஆண்டுதோறும், அதைத் திறந்து கழுவுபவராக இருக்க வேண்டும். மூன்றும் கூடினால், சிறிய கேஸில் நீர்க் குளிர்விப்பு வேறெந்த வழியாலும் எட்ட முடியாத அமைதியைத் தரும். செலவும் சிரமமும் நியாயமே. முதலிரண்டும் இல்லையென்றால் அது அலங்காரம். அலங்காரம் என்று தெரிந்தே செய்பவரிடம் யாருக்கும் வழக்கில்லை. மூன்றாவது இல்லாதவர் (நண்பருக்காகவோ வாடிக்கையாளருக்காகவோ கட்டிக் கொடுப்பவரும் இதில் அடக்கம்) வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ரேம் ஒன்று பழுதானால் இதைத் திறக்கப்போவது யார், அவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அதற்கு நேரான பதில் இல்லாத லூப்பைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.