அருமை வேறு, பெருமை வேறு: பழைய நாட்டுப்பாடல் இசைத்தட்டுகள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழில் ‘அருமை’ என்னும் சொல் இரு பொருள் தருவது. எளிதிற் கிடைக்காதது என்பது ஒன்று. மிகச் சிறந்தது என்பது மற்றொன்று. பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. அரிய பொருள் என்றாலே அது சிறந்த பொருளாகத்தான் இருக்கும் என்று கொண்டுவிடுகிறோம். பேச்சில் இதனால் கேடு ஒன்றுமில்லை. ஆனால் கலைப்பொருள்களை மதிப்பிடப் புகும்போது இக்குழப்பம் பெரும் பிழைக்கு இடம் தருகிறது. பதிப்பு நின்றுபோன நாட்டுப்பாடல் இசைத்தட்டுகளைத் தேடித் தொகுப்போரிடையே இப்பிழையை நன்கு காணலாம். ஒரு தட்டுக்கு உலகில் இரண்டு மூன்று படிகளே எஞ்சியுள்ளன என்று கேட்டவுடன் அதிலுள்ள பாட்டையும் வியக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாட்டு காதில் விழுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது!

இதனை ஆராய்வதற்கு அமெரிக்க நாட்டின் வரலாறு தக்க சான்றாகும். 1920-களில் அந்நாட்டு இசைத்தட்டுக் கம்பெனிகள் தென்மாநிலங்களுக்குத் தம் ஆட்களை அனுப்பின. அவர்கள் தற்காலிக ஒலிப்பதிவுக் கூடங்களை அமைத்து, உழவரும் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் பாடிய பாடல்களைப் பதிவு செய்தனர். 1927 ஆகஸ்டில் டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில் விக்டர் கம்பெனி நடத்திய பதிவில்தான், பின்னர்ப் பெரும்புகழ் எய்திய கார்ட்டர் குடும்பத்தார் முதன்முதலாகப் பாடினர். இக்கம்பெனிகள் இசைத்தொண்டு செய்யப் புறப்பட்டவை அல்ல. பாரமவுண்ட் என்னும் முத்திரையை நடத்தியது விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலிக் கம்பெனி ஒன்று. அது கிராமபோன் பெட்டிகளும் செய்தது. பெட்டி விற்க வேண்டுமானால் அதில் ஓட்டுவதற்குத் தட்டும் வேண்டுமன்றோ?

அக்காலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். தட்டு செய்யும் கலவையில் அரக்கு சேரும். இந்தியக் காடுகளிலிருந்து சென்ற அரக்கும் அதில் உண்டு. கீழே விழுந்தால் உடைந்துவிடும் பொருள் அது.

இத்தட்டுகள் அரியன ஆனது எவ்வாறு? 1927-இல் அமெரிக்காவில் 10 கோடிக்கு மேல் இசைத்தட்டுகள் விற்றன. பெரும் பொருளாதார மந்தம் வந்தது. 1932-இல் விற்பனை 60 இலட்சம் அளவுக்கு வீழ்ந்தது. ஆகவே 1930, 1931-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தட்டுகள் பல, மிகச் சில படிகளே விற்றன. பின்னர் உலகப் போர் மூண்டது. அரக்கு கிடைப்பது அரிதாகவே, 1942-இல் அமெரிக்க அரசாங்கம் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதிய தட்டுகள் செய்தனர். பாரமவுண்ட் தட்டுகளின் உலோக மூல அச்சுகளும் பெரும்பாலும் பிழைக்கவில்லை. அப்பாடல்களில் இன்று நாம் கேட்பவை, யாரோ ஒருவர் வீட்டில் உடையாமல் எஞ்சிய தட்டிலிருந்து எடுத்தவையே.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. ஒரு தட்டு அரிதாவதற்குக் காரணம் அது வெளிவந்த ஆண்டும் வாங்குவோர் கையிலிருந்த காசுமே ஆகும். பாட்டின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கார்ட்டர் குடும்பத்தாரின் தட்டுகள் ஏராளமாக விற்றன. ஸ்கிப் ஜேம்ஸ் 1931-இல் பாரமவுண்டுக்குப் பாடிய தட்டுகளோ விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே கிடைக்கின்றன. இருவர் பாட்டும் உயர்ந்தவை. முன்னவை எளிதிற் கிடைப்பதால் தாழ்ந்துவிடவில்லை. பின்னவை அரியன ஆனதால் உயர்ந்துவிடவும் இல்லை. அருமை ஒரு பாட்டுக்கு நேர்ந்த விபத்தே; அதனைப் பாட்டின் பெருமையாகக் கொள்ளுதல் தகாது.

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்ட தொகுப்பாளர் ஹாரி ஸ்மித். 1923-இல் பிறந்து 1991-இல் மறைந்த இவர் ஓவியர், திரைப்படக் கலைஞர், மானிடவியல் கற்றவர். 1940-ஐ ஒட்டிய காலந்தொட்டுப் பழைய தட்டுகளைத் திரட்டினார். பின்னர் நியூயார்க் நகருக்கு வந்து, தம் சேமிப்பை விற்கும் எண்ணத்தோடு ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய மோசஸ் ஆஷ் என்பவரை அணுகினார். விற்பதை விட்டு இதிலிருந்து ஒரு தொகைநூல் போலத் தொகுத்துத் தருக என்றார் ஆஷ். அவ்வாறு 1952-இல் வெளிவந்ததே ‘அமெரிக்க நாட்டிசைத் தொகை’. கதைப்பாடல்கள் 27, ஆடலும் வழிபாடும் சார்ந்த சமூக இசை 29, தனிப்பாடல்கள் 28 என மூன்று பகுதிகளாக 84 பதிவுகள் அதில் உள்ளன. பெரும்பாலானவை 1927 முதல் 1932 வரை விற்பனைக்கு வந்த தட்டுகளிலிருந்து எடுத்தவை.

இத்தொகையின் சிறப்புகளுள் முதலாவது, தேர்வு. கிடைத்தற்கரிய தட்டு என்பதற்காக ஸ்மித் எதையும் சேர்க்கவில்லை. பரவலாக விற்ற கார்ட்டர் குடும்பத்தாருக்கும் அதில் இடமுண்டு. ஓரிரு தட்டுகளோடு மறைந்துபோன பாடகருக்கும் இடமுண்டு. இரண்டாவது, பதிப்பு நெறி. ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் பெயர், பதிவான காலம், மூலத் தட்டின் எண் ஆகியவற்றை ஒரு கையேட்டில் முறையாகக் கொடுத்தார். பாட்டின் கதையைச் செய்தித்தாள் தலைப்புப் போல ஓரிரு வரிகளில் நகைச்சுவை தோன்றச் சுருக்கியும் எழுதினார். ஐயுறுவோர் மூலத்தைத் தேடிச் சரிபார்க்க வழி திறந்து வைப்பதன்றோ நல்ல பதிப்பாசிரியர் கடமை?

மூன்றாவது சிறப்பே தலையாயது. கம்பெனிகள் வெள்ளையர் பாடிய தட்டுகளை ஒரு வரிசையாகவும் கறுப்பினத்தார் பாடிய தட்டுகளை வேறொரு வரிசையாகவும் பிரித்தே விற்றன. ஸ்மித் அவ்வேலியை அகற்றினார். பாடியவரின் நிறம் எது என்று கையேட்டில் எங்கும் குறிக்கவில்லை. பாட்டுக்கு அடுத்துப் பாட்டு வந்தது. நிறத்துக்கு அடுத்து நிறம் வரவில்லை. மிஸ்ஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்னும் கறுப்பினப் பாடகரை வெள்ளையர் என்றே கேட்டோர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இனப் பிரிவினை சட்டமாக இருந்த 1952-இல் இது சிறிய செயலன்று.

எனினும் தொகையின் குறைகளையும் எடுத்துக் கூறுதல் திறனாய்வாளன் கடன். ‘அமெரிக்க’ என்று பெயரிட்ட தொகையில் அந்நாட்டின் ஆதிக்குடிகள் பாட்டு இல்லை. டெக்சாஸ் எல்லைப்புறத்து ஸ்பானிய மொழிப் பாட்டும் இல்லை. லூசியானாவின் பிரெஞ்சு மொழிப் பாடல்கள் சிலவே ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்தவை. கம்பெனிகள் எதை விற்க எண்ணினவோ அதனுள்ளிருந்தே ஸ்மித் தேர்ந்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. தட்டில் ஏறாத பாட்டு இத்தொகையில் ஏற வழியில்லை.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. அது ஸ்மித்துக்கு மட்டும் உரியதன்று. தட்டு தேடுவோர் அனைவருக்கும் உரியது. தொகை வெளிவந்தபோது அதில் பாடியோர் பலர் உயிரோடிருந்தனர். வர்ஜீனியாவில் டாக் பாக்ஸ் நிலக்கரிச் சுரங்க வேலை செய்து காலம் கழித்தவர். ஜான் ஹர்ட் மிஸ்ஸிஸிப்பியில் பண்ணை வேலை செய்துகொண்டிருந்தார். பழைய தட்டின் வெடிப்பையும் கீறலையும் ஆராய்ந்தவர்கள், அதைப் பாடிய மனிதர் எங்கே என்று ஆராயவில்லை. இத்தனைக்கும் ஹர்ட் 1928-இல் பதிவு செய்த ‘அவலான் ப்ளூஸ்’ என்னும் பாட்டில் தம் ஊரின் பெயரையே சொல்லியிருந்தார். பாட்டுக்குள்ளேயே முகவரி இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அதனைப் படிப்பார் இல்லை.

1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இளைஞர் அப்பாட்டைக் கேட்டார். பழைய நிலப்படம் ஒன்றில் அவலான் என்னும் சிற்றூரைக் கண்டார், நேரே சென்றார், எழுபது வயதையொட்டிய ஹர்ட்டையும் கண்டார். அவ்வாண்டே நியூபோர்ட் நாட்டிசை விழாவில் ஹர்ட் பாடினார். 1966-இல் மறையும் வரை மூன்றாண்டுக் காலம் மீண்டும் பாடியும் பதிவு செய்தும் வந்தார். அதே 1963-இல் மைக் சீகர் என்பவர் டாக் பாக்ஸைக் கண்டுபிடித்து மீண்டும் பாட வைத்தார். பதினோராண்டு முன்னரே தேடியிருந்தால் எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்! இழப்பு எது என்பதை இங்குத்தான் அளக்க வேண்டும்.

ஹாஸ்கின்ஸ் கேட்டது மூலத் தட்டு அன்று. சேகரிப்பாளரிடையே கைமாறி வந்த ஒலிநாடாப் படியே. அத்தட்டை வைத்திருந்தவர் ‘இது என்னிடம் மட்டுமே உள்ளது’ என்று பெட்டியில் பூட்டியிருந்தால் ஹர்ட் பண்ணையிலேயே முடிந்திருப்பார். தேடிச் சேர்ப்போரை நாம் பழிக்கவில்லை. அவர்கள் இல்லையேல் இப்பாடல்களில் பல இல்லை. மேரிலாண்ட் மாநிலத்து ஜோ புசார்ட் ஊர் ஊராகச் சென்று, வீடுதோறும் கதவைத் தட்டித் தட்டுகள் வாங்கியவர். 2022-இல் மறைந்த அவர், கேட்டு எழுதியோருக்குச் சிறு தொகை பெற்றுக்கொண்டு ஒலிநாடாவில் படியெடுத்து அனுப்பினார். சேகரிப்பாளர் என்னும் பெயருக்கு அவரே தக்கவர். ஓலைச்சுவடி தேடிய உ. வே. சாமிநாதையர், சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றாமல் சுவடியாகவே காத்திருந்தால் அவரை நாம் இன்று போற்றுவோமா? தேடல் பாதிப் பணி. பதிப்பே அதனை நிறைவிப்பது.

பதிப்பித்தால் மட்டும் போதாது. பதிப்பு நின்றுவிடாமற் காத்தலும் வேண்டும். இதில் மோசஸ் ஆஷின் கொள்கை நினைக்கத்தக்கது. 1948-இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், விற்றாலும் விற்காவிட்டாலும் எந்தத் தட்டையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை என்று உறுதி கொண்டார். ஆங்கிலத்தில் ‘கியூ’ என்னும் எழுத்து குறைவாக வழங்குகிறது என்பதற்காக அதனை நீக்கிவிடுவோமா என்று அவர் கேட்டதாகக் கூறுவர். தமிழாசிரியர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஙகரத்தை முதலாகக் கொண்ட சொல் எத்தனை? அதற்காக நெடுங்கணக்கிலிருந்து அதனை நீக்கினோமா?

ஆஷ் 1986-இல் மறைந்தார். 1987-இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் ஃபோக்வேஸை ஏற்றது. 2,168 தொகுதிகளும் என்றும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அதற்கிட்ட நிபந்தனை. கேட்போர் அரிதான தொகுதியையும், ஒருவரே கேட்டாலும் படியெடுத்துத் தரும் முறையை அந்நிறுவனம் ஏற்படுத்தியது. 1952-ஆம் ஆண்டுத் தொகையும் 1997-இல் ஆறு குறுந்தட்டுகளாக மறுபதிப்புப் பெற்றது. ஒரு தட்டு அரியதாவதை விதி என்று எண்ணுவோர்க்கு இதுவே விடை. அது விதியன்று, காப்பார் இன்மையே.

காப்பவர்க்கும் சில வேளை கடினமான கேள்வி எழும். 2020-இல் டஸ்ட்-டு-டிஜிட்டல் என்னும் பதிப்பகம், ஸ்மித் எடுத்த 84 தட்டுகளின் மறுபக்கப் பாடல்களைத் தொகுத்தது. அவற்றுள் இனப்பழிப்புச் சொற்கள் உள்ள மூன்றை அது சேர்க்கவில்லை. விற்பனைத் தொகுப்பில் அவற்றை ஒலிக்கச் செய்ய விரும்பாமை புரியத்தக்கதே. ஆயினும் அச்சொற்களைப் பாடி விற்ற காலமும் வரலாறுதான். ஆராய்ச்சியாளர் கேட்க அவை நூலகத்தில் இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. பொதுத் தொகுப்பும் ஆவணக் காப்பகமும் ஒன்றல்ல.

சட்டமும் இப்போது சிறிது சிறிதாகக் கதவைத் திறக்கிறது. 2018-இல் இயற்றிய அமெரிக்கச் சட்டத்தின்படி, 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு நூறாண்டுப் பாதுகாப்பு உண்டு. 1927-இல் வெளிவந்தவை 2028 தொடக்கத்தில் பொதுச் சொத்தாகும். 1932-இல் வெளிவந்தவை 2033-இல் ஆகும். ஸ்மித்தின் 84 பாடல்களும் அவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக மக்கள் உடைமையாகும். அன்று ‘என்னிடம் மட்டுமே உள்ளது’ என்னும் பெருமைக்குப் பொருளிராது. எது நல்ல பாட்டு என்ற கேள்வி மட்டுமே எஞ்சும்.

ஆகவே பழைய தட்டு ஒன்று நம் கைக்கு வருமானால் மூன்று கேள்விகளைக் கேட்போமாக. இதில் உள்ள பாட்டு, எளிதிற் கிடைத்திருந்தாலும் நாம் கேட்க விரும்பத்தக்கதா? தட்டின் எண்ணும் பாடியவர் பெயரும் ஆண்டும் பிறர் அறியும்படி எழுதிவைக்கப் பட்டனவா? பாடியவரோ அவர் வழியினரோ எங்கேனும் இருக்கிறார்களா? முதற்கேள்வி சுவைக்கு உரியது; இரண்டாவது புலமைக்கு உரியது; மூன்றாவது அறத்துக்கு உரியது. மாணவர்க்கு நாட்டுப்பாடல் கற்பிக்கும் ஆசிரியர்கள் மூன்றையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்பதாயின், மூன்றாவதை முதலில் வைத்துக் கேட்பது நன்று. தட்டு காத்திருக்கும், மனிதர் காத்திருக்கமாட்டார்.