தூண் என்றால் தாங்க வேண்டாமா?

ஹார்னிமன் சர்க்கிளுக்கு எதிரே நிற்கும் டவுன் ஹாலை மும்பைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'ஏஷியாடிக் லைப்ரரி' என்றால் டாக்ஸிக்காரருக்கும் தெரியும். கர்னல் தாமஸ் கூப்பரின் வடிவமைப்பில் 1833-இல் முடிந்த கட்டடம். முப்பது படிகளுக்கு மேலே எட்டு டோரிக் தூண்கள்.

தூண்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. வந்து இறங்கியவை எதிர்பார்த்ததைவிடப் பருமன். ஜோடி ஜோடியாக நிறுத்தினால் மண்டபத்தில் இடமே மிஞ்சாது. ஆகவே ஒற்றை ஒற்றையாக நிறுத்தினார்கள். மீந்தவை பைகுல்லா கிறைஸ்ட் சர்ச்சுக்குப் போயின என்பது மும்பை வரலாறு எழுதியோர் தரும் குறிப்பு. தூணைச் செதுக்கி இளைக்க வைக்கவில்லை, திட்டத்தைத்தான் மாற்றினார்கள். கிரேக்கத் தூணின் இலக்கணமே இதுதான்: தூண் ஓர் அளவு, அலங்காரமல்ல.

இன்று நம் சொஸைட்டிகளில் நடப்பது நேர்மாறு. கட்டடம் முழுக்க முடிவான பிறகு, "முன்னாடி நாலு ரோமன் தூண் வச்சிடுங்க, ஜோரா இருக்கும்" என்கிறோம். பில்டரும் கேடலாக்கை நீட்டுகிறார். இலை வேலைப்பாடுள்ள கொரிந்தியன்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. கான்கிரீட் தூணைச் சுற்றி உள்ளீடற்ற அச்சு வார்ப்பை மாட்டினால் வேலை முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் (கி.மு. 447–432) டோரிக் தூணின் உயரம் சுமார் 34 அடி, அடிப்பகுதி விட்டம் 6 அடிக்குச் சற்று மேல். அதாவது உயரம் விட்டத்தைப் போல ஐந்தரை மடங்கு. தலையில் சுருள் கொண்ட அயோனிக் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. கொரிந்தியன் பத்து மடங்கு. மிக ஒல்லியான கொரிந்தியனே ஆனாலும் ஏழு மாடிக்கு, 70 அடி உயரத்துக்கு, 7 அடி விட்டம் வேண்டும். நாம் நிறுத்துவதோ இரண்டடிக் குழாய்! அது தூணல்ல, குச்சி.

இடைவெளியும் அப்படியே. கல் உத்தரம் நீளமாகத் தாங்காது என்பதால் கிரேக்கர்கள் தூண்களை நெருக்கி நட்டார்கள். கான்கிரீட் உத்தரம் தாங்குகிறதே என்று இருபதடிக்கு ஒன்றாக நட்டால், கல்யாணப் பந்தல் வளைவு போலத்தான் தெரியும்.

அந்நியச் சரக்கு என்பதற்காக நான் இதைக் குறை சொல்லவில்லை. டவுன் ஹாலும் அந்நியச் சரக்குதான். ஆளவந்தவர்கள் மிடுக்குக் காட்டக் கட்டியதுதான். ஆனாலும் அதன் தூண்கள் பாரம் சுமக்கின்றன. அதனால்தான் படியேறும்போது நமக்கும் ஒரு மரியாதை வருகிறது. ஒன்பதடி உயர வாசல் திண்ணைக்கு, ஆறு மடங்குக் கணக்கில் ஒன்றரையடி விட்டமுள்ள எளிய டோரிக் இரண்டு போதும், நன்றாகவே இருக்கும்.

எலிவேஷன் படத்தில் கையெழுத்துப் போடுமுன் ஆர்க்கிடெக்டிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இந்தத் தூண் எதைத் தாங்குகிறது? இந்த உயரத்துக்கு இந்தப் பருமன் சரிதானா? பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை மொட்டைமாடி ஒழுகாமலிருக்கச் செலவிடுங்கள். மும்பை மழைக்கு அதுவே அழகு.