கொழுத்த பன்றியும் குறைத்த தீனியும்

கொழும்பிலிருந்து ஏறிவரும் ரயில் ஹட்டனைத் தொடுவதற்கு முன் நிற்கும் இடம் றொசல்ல. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டுப் பன்றி வளர்ப்பவருக்குக் கொழுப்பு என்றால் வருமானம். கழுநீர், தவிடு, கழித்த கோவா இலை, மிஞ்சிய சோறு எல்லாமே தீனிதான். ஆறேழு மாதத்தில் 100 கிலோவைத் தொட்டு விலைபோகும் பன்றிக்கு, கொழுப்பின் தீங்கு வெளியே தெரியும் முன்பே ஆயுள் முடிந்துவிடுகிறது. செல்லப் பன்றிக்கும் பார்வையாளர் பண்ணைப் பன்றிக்கும் அதே கையால் தீனி வைக்கும்போதுதான் சிக்கல். அவை 15 ஆண்டுகள்கூட வாழக்கூடியவை. நெற்றிச் சதை மடிந்து கண்ணை மறைக்கும், மூட்டு நோகும், எழுந்து நடப்பதே பாடாகும்.

இதற்குப் பலரும் கையாளும் வழி, தீனியைக் குறைப்பது. செலவில்லாத வழி. தராசும் தேவையில்லை, உள்ளங்கையால் லேசாக அழுத்தும்போது விலா எலும்பு தட்டுப்பட்டால் உடல் அளவாக இருக்கிறது. எச்சில் சோற்றை நிறுத்துவதில் இன்னொரு காப்பும் உண்டு: 2024இல் இலங்கைப் பண்ணைகளைத் தாக்கிய ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல், இறைச்சி கலந்த மிச்ச உணவாலும் பரவக்கூடியது.

ஆனால் பன்றி நாள் முழுக்க மண்ணைக் கிண்டி இரை தேடும் பிராணி. சட்டியை மட்டும் சிறிதாக்கினால் பசியோடு சும்மா நிற்கும். கம்பியைக் கடிக்கும், கூட நிற்பதை முட்டும். ஒரே தொட்டியில் பல பன்றிகள் தின்றால் வலியது கொழுக்கும், எளியது மெலியும். பார்வையாளர் நீட்டும் பாணும் பிஸ்கட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

தமிழ்நாட்டில் 2003இல் தொடங்கிய கோயில் யானைகள் புத்துணர்வு முகாமிலும், அன்றாடச் சூழலை மாற்றாமல் விடும் இந்தக் குறை இருந்தது. 48 நாள் நடையும் பசுந்தீவனமும் யானைக்கு நல்லதே செய்தன. முடிந்ததும் அது திரும்பியது கல்தரைக்கும் பக்தர் தரும் இனிப்புக்கும்தான்.

சரிவில் மரக்கறிப் பாத்தியை நம்பி வாழும் குடும்பம் பன்றியை அவிழ்த்துவிட முடியாது. ஆனால் கொட்டிலுக்குள்ளேயே காய்ந்த மானாப்புல்லைப் பரப்பி, அளந்த தீனியை அதனுள் தூவலாம். ஐந்து நிமிடத்தில் தீரும் உணவு அப்போது நெடுநேர வேலையாகும். ஐந்து நிமிடத்தில் தீரும் உணவு அப்போது நெடுநேர வேலையாகும். தீனியைக் குறைக்கச் சொல்லும் மிருக வைத்தியர், அதைப் போடும் விதத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.