பிடிஎஃப் ஆவண ஆக்கத்தில் அட்டவணை நெடுவரிசை அகலக் கட்டுப்பாடு: ஒரு திறனாய்வு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குறியிடு மொழிகளில் எழுதப்படும் தொழில்நுட்ப ஆவணங்கள் பிடிஎஃப் வடிவம் பெறுகையில் அட்டவணைகளின் நெடுவரிசை அகலமே மிகுதியாகச் சிதைகிறது. அகலத்தை ஆசிரியர் அறிவிக்கும் முறை, பொறியே கணிக்கும் முறை, மூல உரையின் தோற்றத்திலிருந்து ஊகிக்கும் முறை என்னும் மூன்றையும் இக்கட்டுரை ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. தாளுக்கு உருட்டுப்பட்டை இல்லை என்னும் எளிய உண்மையை இம்முறைகள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதே மதிப்பீட்டின் அளவுகோலாகும்.

திறவுச்சொற்கள்: குறியிடு மொழி, அட்டவணை, நெடுவரிசை அகலம், கால்ஸ், பேன்டாக், லேடெக், தமிழ்ச் சொற்பிரிப்பு

முன்னுரை

உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்பது குறியிடு மொழிகளின் அடிப்படைக் கொள்கை. பத்தி, தலைப்பு, பட்டியல் ஆகியவற்றில் இக்கொள்கை இடரின்றிச் செல்லுபடியாகிறது. அட்டவணையிலோ தடுமாறுகிறது. ஒரு பத்தி தாளின் அகலத்திற்கேற்பத் தானே மடங்கிக்கொள்ளும். அட்டவணையில் ஒரு நெடுவரிசை பெறும் இடம் மற்றொன்று இழக்கும் இடமாகும். இப்பங்கீட்டை யார் செய்வது என்னும் வினாவிற்கு ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விடை தருகிறது.

ஆசிரியர் அறிவிக்கும் அகலம்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கால்ஸ் திட்டத்தில் உருவான அட்டவணை மாதிரி பின்னர் டாக்புக், டிட்டா ஆகியவற்றிலும் இடம்பெற்றது. இதில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் உறுதியான அளவையோ விகிதத்தையோ ஆசிரியர் குறிக்கலாம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. இருபுறமும் 25 மி.மீ. ஓரம் விட்டால் எஞ்சுவது 160 மி.மீ. முதல் நெடுவரிசைக்கு 30 மி.மீ., ஏனைய இரண்டிற்கும் 1-க்கு 3 என்னும் விகிதம் எனக் குறித்தால், எஞ்சிய 130 மி.மீ. முறையே 32.5, 97.5 எனப் பகிரப்படும். தாளின் அளவு மாறினும் விகிதம் மாறாது. ஆஸ்கிடாக்கின் நெடுவரிசைக் குறிப்பும் இவ்விகித முறையையே பின்பற்றுகிறது.

குறிப்பு இல்லாதபோதுதான் இம்முறையின் குறை வெளிப்படுகிறது. அப்பாச்சி ஃபாப் தானியங்கு அட்டவணை அமைப்பை ஆதரிப்பதில்லை. அகலம் குறிக்கப்படாத நெடுவரிசைகள் அனைத்தும் அதில் சம பங்கு பெறும். நான்கு நெடுவரிசைகள் இருப்பின், வரிசை எண் மட்டுமே இடம்பெறும் நெடுவரிசைக்கும் 40 மி.மீ., நீண்ட விளக்கத்திற்கும் அதே 40 மி.மீ. ஆசிரியரின் மௌனத்தைச் சமத்துவமாகப் பொருள்கொள்வது பொறியின் பிழையன்று. எனினும் படிப்பவருக்கு அது பிழையாகவே தோன்றும்.

பொறி கணிக்கும் அகலம்

1996-இல் டேவ் ராகெட் எழுதிய ஆர்எஃப்சி 1942 ஆவணம் இணைய அட்டவணைகளுக்கான தானியங்கு கணிப்பை விளக்குகிறது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இரு அளவுகள் கண்டறியப்படும். பிரிக்க இயலாத மிக நீண்ட சொல்லின் அகலம் சிற்றளவு. வரியே மடங்காதபோது தேவைப்படும் அகலம் பேரளவு. கிடைக்கும் இடம் இவ்விரு கூட்டுத்தொகைகளுக்கும் நடுவில் இருப்பின், சிற்றளவை முதலில் கொடுத்து, மீந்ததை இரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டிற்கு ஏற்பப் பகிர்வர்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 160 மி.மீ. இடத்தில் மூன்று நெடுவரிசைகள் உள்ளன எனக் கொள்வோம். பெயருக்குச் சிற்றளவும் பேரளவும் 42. வகைக்கு 15, 25. விளக்கத்திற்கு 28, 300. சிற்றளவுகளின் கூட்டுத்தொகை 85, மீதி 75. வேறுபாடுகளின் கூட்டுத்தொகை 282. ஆகவே பெயர் 42, வகை ஏறத்தாழ 17.7, விளக்கம் ஏறத்தாழ 100.3 மி.மீ. எனப் பெறும். எந்த ஆசிரியரும் கையால் இதைவிடச் சிறப்பாகப் பகிர்ந்திருக்க இயலாது.

ஆயினும் இம்முறைக்கு இரு வரம்புகள் உண்டு. முதலாவது, சிற்றளவுகளின் கூட்டுத்தொகையே தாளை விஞ்சும் நிலை. உலாவியில் படிப்பவர் கிடைமட்டமாக உருட்டிப் பார்க்கலாம். தாளில் எழுத்து ஓரத்தைத் தாண்டி ஓடும். அல்லது வெட்டுண்டு மறையும். இரண்டாவது, கணிப்பு ஒவ்வோர் அட்டவணையையும் தனித்தே நோக்குகிறது. ஒரு கையேட்டில் ஒரே அமைப்புடைய இருபது அட்டவணைகள் அடுத்தடுத்து வரின், ஒவ்வொன்றிலும் நெடுவரிசைக் கோடு வெவ்வேறு இடத்தில் விழும். பக்கத்தைப் புரட்டும் கண் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட நேர்கிறது. இருபதும் ஓரினம் என்பதை ஆசிரியர் அறிவார், பொறி அறியாது.

மூல உரையிலிருந்து ஊகிக்கும் அகலம்

மார்க்டவுனின் குழாய்க்குறி அட்டவணையில் அகலத்தைக் குறிக்க இடமில்லை. எனவே பேன்டாக் மூல உரையையே சான்றாகக் கொள்கிறது. அட்டவணையின் மூல வரிகளுள் எதுவும் குறித்த நீளத்தைத் தாண்டாவிடில் கட்டங்கள் உள்ளடக்கத்திற்கேற்ப அமையும், உரை மடங்காது. இந்நீளம் இயல்பாக 72 எழுத்திடம். ஒரு வரி தாண்டினாலும் அட்டவணை முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். தலைப்பின் கீழுள்ள சிறுகோடுகளின் எண்ணிக்கையே விகிதமாகும்.

இவ்வமைப்பின் எளிமை பாராட்டத்தக்கது. அதன் தருக்கம் ஏற்கத்தக்கதன்று. அச்சுத்தாளின் அகலத்திற்கும் மூல உரையின் வரிநீளத்திற்கும் எவ்வியைபும் இல்லை. ஒரு கட்டத்தில் ஒரு சொல்லைக் கூட்டியதும் அட்டவணை முழுவதன் அமைப்பும் மாறக்கூடும். அழகுக்காகச் சிறுகோடுகளைச் சீராக்கும் திருத்தி மென்பொருள், தான் அறியாமலே அச்சு அகலத்தையும் மாற்றிவிடும். அலங்காரம் கட்டளையாகிவிடும் இந்நிலையில் திருத்தம் செய்பவர் எதை மாற்றுகிறோம் என்பதை உணரவே வாய்ப்பில்லை.

லேடெக்கின் நிலை

பேன்டாக், ஸ்பிங்ஸ் ஆகிய கருவிகள் பெரும்பாலும் லேடெக் வழியே பிடிஎஃப் ஆக்குகின்றன. லேடெக்கின் இயல்பான நெடுவரிசை வகைகளில் உரை மடங்குவதில்லை. அகலம் குறித்த வகையில் மட்டுமே மடங்கும். டேபுலர்எக்ஸ் தொகுப்பு மீந்த இடத்தைப் பகிர்கிறது. ஆனால் அட்டவணையைப் பக்கம் தாண்டிப் பிரிப்பதில்லை. லாங்டேபிள் பக்கம் தாண்டும். அகலம் நிலைபெற ஆவணத்தைப் பலமுறை ஓட்ட வேண்டும். ஸ்பிங்ஸில் லேடெக்கிற்கென்றே நெடுவரிசைக் கட்டளையை மூல ஆவணத்தில் எழுத வழியுண்டு. அது பயனுடையது, எனினும் உள்ளடக்கத்தினுள் ஒரு வெளியீட்டு வடிவத்தின் மொழி புகுந்துவிடுகிறது.

தமிழ் ஆவணங்களும் சிற்றளவும்

ஒட்டுநிலை மொழியான தமிழில் சிற்றளவுச் சிக்கல் கூர்மையடைகிறது. 'ஒருங்கிணைக்கப்பட்டுள்ளது' என்னும் சொல் 14 எழுத்துகளும் 24 ஒருங்குறிப் புள்ளிகளும் உடையது. மென்பொருள் கையேட்டின் 'நிலை' என்னும் குறுகிய நெடுவரிசையில் இச்சொல் தனித்து நிற்க நேரிடின், அந்நெடுவரிசையின் சிற்றளவை இதுவே தீர்மானிக்கும். தமிழ் அச்சு மரபு இதற்குத் தீர்வு வைத்திருந்தது. இணைகோடு இன்றியே சொல்லை எழுத்தெல்லையில் மடக்குவர். அடுத்த வரி புள்ளியெழுத்தில் தொடங்காமல் காப்பர். சொல்லை இடைவெளியில் மட்டும் மடக்கும் பொறி இம்மரபைப் பயன்கொள்ளாமல் விடுகிறது.

சொற்பிரிப்பு விதிகள் இருந்தும் பயன்படாத நிலையும் உண்டு. டெக் பொறியின் மரபான விதிப்படி பத்தியின் முதற்சொல் பிரிக்கப்படுவதில்லை. அட்டவணையின் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பத்தி. எனவே ஒற்றைச்சொல் கட்டங்களில் விதிகள் செயலற்றுப்போகின்றன. சொல்லுக்கு முன் சுழிய அகல இடைவெளி இடுவது நெடுநாளைய மாற்றுவழி. லுவாடெக் இத்தடையை நீக்கியுள்ளது.

மதிப்பீடு

அகலம் முற்றிலும் தோற்றத்தைச் சார்ந்தது என்னும் கருத்தே இக்குறைகளின் வேர். 'விளக்கம், பெயரைவிட மும்மடங்கு இடம் பெறத்தக்கது' என்பது நெடுவரிசைகளின் பொருளுறவைச் சொல்லும் கூற்று; அது மூல ஆவணத்திற்கு உரியது. '97.5 மி.மீ.' என்பது குறிப்பிட்ட தாளைப் பற்றிய கூற்று. அது வடிவத்தாளுக்கு உரியது. இவ்வேறுபாட்டைப் பேணுவதனால் விகித முறையே மூன்றனுள் சிறந்தது. ஆயின் விகிதம் மட்டும் போதாது. தானியங்கு கணிப்பின் சிற்றளவு அதற்குக் கீழெல்லையாக அமைதல் வேண்டும். எல்லை மீறப்படும்போது பொறி அதனை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். லேடெக், வரி ஓரத்தைத் தாண்டுவதை எச்சரிக்கையாகப் பதிவுசெய்கிறது. ஆவண ஆக்கத்தைத் தானியக்கமாக்கியோர் அப்பதிவைப் படிப்பது அரிது.

முடிவுரை

அறிவிப்பு, கணிப்பு, ஊகம் என்னும் மூன்றனுள் முதலிரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்பவை. மூன்றாவது, சிறு அட்டவணைகளுக்கு மட்டுமே தகும். ஓரின அட்டவணைகளுக்குப் பொதுவான விகிதம், சிற்றளவுக் காப்பு, மொழிக்கேற்ற சொற்பிரிப்பு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில்தான் அட்டவணை தாளுக்குள் நிற்கும். மருந்தளவையோ மின்னழுத்தத்தையோ கூறும் கையேட்டில் ஓரத்தில் வெட்டுண்ட ஓரிலக்கம் வெறும் அழகுக்குறையன்று. அது தவறான தகவல்.