தாபரிப்புச் சட்டம் படுவான்கரையில் எதுவரை எட்டுகிறது?

இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் நல்ல சட்டம். 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த அது, 18 வயது தாண்டியும் தன்னைத் தானே பராமரிக்க முடியாத பிள்ளையையும் வலுக்குறைந்த பிள்ளையையும் கணக்கில் எடுத்தது. எழுத்தில் கொழும்புக்கும் மட்டக்களப்புப் படுவான்கரையின் வெல்லாவெளிக்கும் பேதமில்லை. பேதம் தகப்பனின் தொழிலில் தொடங்குகிறது.

அந்தச் சட்டத்தின் கூரான ஆயுதம் சம்பளப் பிடிப்பு. தகப்பன் ஆசிரியரோ வங்கி ஊழியரோ என்றால், பிள்ளையின் காசு அவர் கைக்குப் போகுமுன்னே கழிக்கப்படும். போரதீவுப்பற்றில் வேளாண்மை வெட்டுக்கும் மேசன் வேலைக்கும் போகிறவருக்குச் சம்பளப் பட்டியல் ஏது? நிலுவை வைத்தால் மாதத்துக்கு ஒரு மாதம்வரை மறியல் என்கிறது சட்டம். மறியலில் கிடப்பவர் கூலி உழைப்பது எப்படி? வளைகுடாவுக்குப் போய்விட்டவர் இன்னும் தூரம். வெளிநாட்டுத் தாபரிப்புக் கட்டளைகளுக்கென்று இருப்பது, பிரித்தானிய ஆட்சிப்பரப்பை நினைத்து 1921இல் எழுதிய கட்டளைச் சட்டம்.

வழக்கை இழுத்துப்போகிறவள் தாய். தவணைக்குத் தவணை பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். பஸ் காசும் அன்றைய கூலியும் போகும். தகப்பன் வராவிட்டால் பிடியாணை. அவர் எங்கே வேலை செய்கிறார் என்று விசாரித்துச் சொல்லவேண்டியவளும் பெரும்பாலும் அவளே. கட்டளை கிடைத்த பிறகும் இதே அலைச்சல்தான்.

மட்டக்களப்பில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு இருக்கிறது, பிள்ளை தெருவுக்கு வராது என்று சிலர் வாதிடுவார்கள். பாதி உண்மை. வீடு கூரை தரும்; கொப்பியும் பால்மாவும் தராது. தாய்வழிக் குடிமுறையின் அந்த ஆதரவு, தகப்பனின் கடனை அம்மம்மாவின் தலையில் சத்தமில்லாமல் ஏற்றிவிடுகிறது. பிள்ளை பட்டினி கிடக்காததால் அரசும் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறது. எனக்கு இதுவே ஆற்றாமை.

அமெரிக்கா 1975இலேயே தகப்பனைத் தேடுவதையும் பணம் அறவிடுவதையும் அரசின் வேலையாக்கியது. அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் பலன் வேறுபடுகிறது. ஆனாலும் தேடும் பொறுப்பு தாயின் தலையில் மட்டும் இல்லை. நமது பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். நிலுவையைத் தொடரும் அதிகாரத்தையும் கடமையையும் அவர்களுக்குச் சட்டத்திலேயே எழுதவேண்டும். அதுவரை இந்தச் சட்டம் மாதச் சம்பளக்காரரின் பிள்ளைகளுக்கான சட்டம். கூலிக்காரரின் பிள்ளையைப் பொறுத்தவரை அது தோற்றுவிட்டது.