'வேலை' என்னும் சொல்லும் ஆசிரியரின் பணி–குடும்ப முரணும்: தமிழாக்கப்பட்ட அளவுகோல்கள் குறித்து ஒரு மதிப்பீடு

பணிக்கும் குடும்பத்திற்கும் இடையே எழும் முரணை, நேரத்தால் விளைவது, மன இறுக்கத்தால் விளைவது, நடத்தையால் விளைவது எனக் கிரீன்ஹவுஸ், பியூட்டல் இருவரும் 1985-இல் மூவகைப்படுத்தினர். நெட்மேயர் குழுவினர் 1996-இல், பணி குடும்பத்தைப் பாதிப்பதற்கு 5 கூற்றுகளும் குடும்பம் பணியைப் பாதிப்பதற்கு 5 கூற்றுகளும் வகுத்தனர். கார்ல்சன் குழுவினர் 2000-இல் மூவகையையும் இரு திசைகளையும் இணைத்து 18 கூற்றுகள் அமைத்தனர். ஆசிரியரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இவற்றையே சார்ந்துள்ளன. நெட்மேயர் அளவுகோல் உருவானபோதே பள்ளி ஆசிரியரும் ஆராயப்பட்டனர். ஆகவே ஆசிரியர்க்கு அது பொருந்துமா என்னும் ஐயம் பெரிதன்று. பெண்களே மிகுதியாகப் பணியாற்றும் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்கென அதனைத் தமிழாக்கும்போது எழும் ஐயம் வேறு.

இடர் 'வேலை' என்னும் சொல்லிலேயே தொடங்குகின்றது. வகுப்பெடுப்பதும் வேலை, சமைப்பதும் துவைப்பதும் வேலை. வேலை மிகுதியால் களைப்படைவதாகக் கூறும் ஒரு கூற்றை ஆசிரியை ஏற்கும்போது, எந்த வேலையைக் கருதினார் என்பது விடைத்தாளில் தெரியாது. 'பணி' என்று மாற்றினால் தெளிவு பிறக்கும். ஆயின் பேச்சின் இயல்பு குன்றும். மீள்மொழிபெயர்ப்பும் இக்குறையைக் காட்டாது. ஆங்கிலத்திற்குத் திருப்புபவர் ஆய்வின் நோக்கத்தை அறிந்திருப்பின், 'வேலை'யை ஊதியப் பணி என்றே கொள்வார்.

'இடையூறு' இதனினும் சிக்கலானது. ஆங்கில மூலத்தின் வினை ஏறத்தாழ நடுநிலையானது. தமிழ்ச் சொல்லிலோ குற்றச்சாட்டின் சாயல் உண்டு. மாமியாரைக் கவனிப்பதும் குழந்தையின் காய்ச்சலும் தம் பணிக்கு 'இடையூறு' என எழுத்தில் ஒப்புக்கொள்ளப் பலர் தயங்குவர். பணி குடும்பத்தைப் பாதிக்கும் அளவு மறுதிசையினும் மிகுதி என்பது பல ஆய்வுகளில் காணப்படும் முடிவு. தமிழ் வடிவிலும் அது கிடைத்தால், அவ்வேறுபாட்டில் வாழ்க்கையின் பங்கு எவ்வளவு, சொல்லின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய இயலாது.

நேரக் கூற்றுகளின் குறை மொழியைச் சார்ந்ததன்று. அவை பணி எத்தனை மணிநேரத்தை எடுத்துக்கொள்கின்றது என்றே நோக்குகின்றன. அடுப்படியில் நிற்கும்போது பெற்றோர் புலனத்தில் அனுப்பும் வினாவிற்கு விடையளிக்க இரண்டு நிமிடம் போதும். அவ்வாசிரியையின் மாலைப்பொழுது அதனால் பள்ளிக்குரியதாகிவிடுகின்றது. நடத்தைசார் முரணை 'வாத்தியார் பிள்ளை மக்கு' என்னும் வழக்கு எள்ளலாக முன்னரே குறித்துவிட்டது.

இத்தகைய ஆய்வுகள் குரோன்பாக் ஆல்ஃபா 0.70-ஐக் கடந்தவுடன் அமைதி கொள்கின்றன. ஐந்து கூற்றுகளிலும் 'வேலை' ஒரே வகையில் மயங்கினாலும் ஆல்ஃபா உயர்ந்தே நிற்கும். கூற்று ஒவ்வொன்றையும் ஆசிரியர் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்று சிலரிடமேனும் நேரில் கேட்டறிவது, சராசரிகளை ஒப்பிடுவதற்கு முன் செய்யவேண்டியது. அது நிகழாதவரை, வீட்டுச் சுமையால் உயர்ந்த மதிப்பெண்ணைப் பள்ளிச் சுமை எனக் கொண்டு பாடவேளைகளைக் குறைக்கப் பரிந்துரைப்பதும், 'இடையூறு' என எழுதத் தயங்கியவரைச் சுமையற்றவர் என விட்டுவிடுவதும் நேரும்.