உப்புக்கல்லில் ஒரு மினுக்கம்

சோடியம் அயோடைடு நம் சமையல் உப்புக்கு உறவுதான். துளி தாலியம் சேர்த்துப் படிகமாக வளர்த்தால், கதிர்வீச்சு படும்போதெல்லாம் நீலமாக மினுங்கும். 1948இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் கண்டது இது. காற்றுப்பட்டால் மழைக்கால உப்பு ஜாடிபோல் நீர்விட்டுக் கெட்டுப்போகும்.

இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் டாமா குழு இப்படிப்பட்ட 25 படிகங்களை வைத்து, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் (டார்க் மேட்டர்) வந்து மோதுவதற்காகக் காத்திருந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9.7 கிலோ.

எனக்குப் பிரமிப்பு தேடலைவிடத் தூய்மையாக்கும் வேலையில்தான். எதிரி பொட்டாசியம். வேதியியலில் சோடியத்துக்கு உடன்பிறப்பு, பிரிப்பது பெரும்பாடு. அதிலுள்ள பொட்டாசியம்-40 சிதைந்தால் எழும் 3 கிலோ எலக்ட்ரான்வோல்ட் மினுக்கம், தேடுகிற சமிக்ஞை வரவேண்டிய அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரின்ஸ்டனில் ஃபிராங்க் கலாப்ரீஸின் குழு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, அதை நூறு கோடியில் சில பங்காகக் குறைத்தது. பொடியைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, உருக்கும் குடுவையும் சுத்தமாக இருக்கவேண்டும்!

ஆண்டுதோறும் ஜூனை ஒட்டி மினுக்கம் கூடுகிறது, அது கரும்பொருளின் தடயம் என்றது டாமா. ஸ்பெயினின் அனாய்ஸ், கொரியாவின் கோசைன் ஆய்வுகளின் படிகங்களில் அது தென்படவில்லை. ஆஸ்திரேலியாவின் ஸ்டாவெல் தங்கச் சுரங்கத்திலும் சேபர் குழு படிகம் வைக்கிறது. அங்கே ஜூன் குளிர்காலம். பருவநிலைதான் காரணமென்றால் ஏற்ற இறக்கம் தலைகீழாகிவிடும்.